என் பங்கை மட்டும்தான் நான் மன்னிக்கலாம்

ஞாயிறு ஆராதனையில் பாவ அறிக்கைக்கு ஒரு நிமிடம்தான் போகிறது. புத்தகத்தில் உள்ளதை எல்லோரும் ஒரே குரலில் வாசிக்கிறோம். சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் பாவஞ்செய்தோம் என்கிறோம். போதகர் ஐயா மன்னிப்பின் வசனத்தைச் சொல்கிறார். ஆமென் சொல்லிவிட்டு அடுத்த பாட்டின் இலக்கத்தைத் தேடுகிறோம். அந்த ஒரு நிமிடத்தை நான் குறைத்துப் பேசவில்லை. சபையாக நின்று சொல்வதற்கு அந்த அளவு போதும். ஆனால் அதில் ஒரு ஆளின் பெயர் வராது, ஒரு தொகை வராது. பெயரும் தொகையும் வருகிற அறிக்கை எப்படி இருக்கும் என்பதை என் வீட்டு விறாந்தையில்தான் கண்டேன். பாவத்தை எப்படி அறிக்கையிட வேண்டும் என்று பிரசங்கம் நிறையக் கேட்டிருக்கிறோம். ஒருவன் வந்து அறிக்கையிடும்போது எதிரே இருக்கிறவன் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லித்தருகிறவர்கள் குறைவு. கேட்டுக்கொண்டிருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எனக்குத் திருகோணமலைக் கரையில் ஒரு பைபர் படகும் எஞ்சினும் உண்டு. நான் ஓய்வுபெற்ற லிகிதர். கடலுக்குப் போனால் தலைசுற்றும். படகை ஓட்டுகிறவன் மனைவியின் தம்பி. அவனோடு இன்னும் இரண்டு பேர் போவார்கள். ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் சைவர். இதை எழுதலாம் என்று மைத்துனன் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் பிடிக்க உதவும் சிலதை மாற்றியும் இருக்கிறேன்.

எங்கள் பங்குமுறை இதுதான். மீன் விற்ற காசில் முதலில் எண்ணெய் (எஞ்சினுக்கு மண்ணெண்ணெய்), ஐஸ், சாப்பாடு எல்லாம் கழியும். மிச்சத்தில் பாதி படகுக்கு, அதாவது எனக்கு. மறுபாதி கடலுக்குப் போன மூன்று பேருக்கும் சமனாகப் பிரியும். செலவெல்லாம் ஒரு சீ.ஆர். கொப்பியில் ஏறும். கொப்பி எழுதுகிறவன் மைத்துனன். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரேயடியாக ஏறியது ஞாபகம் இருக்கும். அதற்கு முன் எண்ணெய்க்காகக் கான்களை அடுக்கிவிட்டு நாட்கணக்கில் காத்துக் கிடந்த காலம். அந்தக் குழப்பத்தில் கொப்பியில் எந்த இலக்கத்தைப் பார்த்தாலும் எனக்கு நெஞ்சு திடுக்கிடும். 20 லீட்டர் எரிந்த நாளில் 28 என்று எழுதினாலும் அதே திடுக்கிடல்தான், வித்தியாசம் தெரியாது. அவன் அப்படித்தான் எழுதினான்.

எட்டு லீட்டர் என்றால் 2,720 ரூபாய். செலவுக்குள் அது ஏறினால் பாதி, அதாவது 1,360 ரூபாய், என் பங்கிலிருந்து போகும். மற்றப் பாதி ஆளுக்கு 453 ரூபாயாக மூன்று பேரின் பங்கிலிருந்தும் போகும். அந்த மூன்று பேரில் அவனும் ஒருவன். ஆக, தன்னுடைய சட்டைப்பையிலும் 453 ரூபாய் களவெடுத்திருக்கிறான். பின்னொரு நாள் கணக்குப் பார்க்கும்போது நான் இதைச் சொல்ல அவனே சிரித்துவிட்டான். அப்படிச் சிரிக்கக்கூடிய நாள் வர நெடுங்காலம் எடுத்தது.

மெதடிஸ்தரான எங்களுக்குப் புதுவருடத் தொடக்கத்தில் உடன்படிக்கை ஆராதனை உண்டு. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1755ல் லண்டனில் தொடங்கிவைத்த வழக்கம். இனி நான் என்னுடையவன் அல்ல, உம்முடையவன். வேலை தந்தாலும் சரி, பாடு தந்தாலும் சரி, என்னை உமது சித்தப்படி வையும் என்ற கருத்தில் அதில் ஒரு ஜெபம் வரும். மைத்துனன் சின்ன வயதிலிருந்து சொல்லிவருகிற ஜெபம். அந்த வருடம் பாதியில் வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டானாம். அன்றிரவு கொப்பியோடு வீட்டுக்கு வந்தான். மாரிக் கடல், தொழில் இல்லாத நேரம், கொப்பி கொண்டுவர ஒரு காரணமும் இல்லை.

"அத்தான், இதில இருக்கிற எண்ணெய்க் கணக்குப் பிழை. நான்தான் கூட்டி எழுதினனான்."

அவ்வளவுதான் சொன்னான். பிள்ளைகளின் படிப்புச் செலவு, நகை அடைவு, விலைவாசி என்று ஒரு காரணமும் அடுக்கவில்லை. அடுக்கியிருந்தால் நானே அவனுக்காக வாதாடத் தொடங்கியிருப்பேன்.

"பரவாயில்லை தம்பி, விடு" என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அதற்குக் காரணம் என் ஞானமல்ல, குசினி வாசலில் மனைவி வந்து நின்றதுதான். தாய்க்குத் தாயாக இருந்து அவனை வளர்த்த அக்கா. அவள் கேட்டது மூன்றே கேள்விகள். "எவ்வளவு? எப்ப இருந்து? ஆற்ற ஆற்ற காசு?"

இன்றைக்கு யாராவது என்னிடம் இப்படியொரு விஷயத்தோடு வந்தால் நானும் அந்த மூன்றையும்தான் கேட்பேன். "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டால் அங்கே மன்னிக்க ஒன்றுமே இல்லாமல் போய்விடும். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கி வந்ததை, இது ஒரு பெரிய பாரமா என்று கேட்டுத் தட்டிவிட்டது போலாகும். கடவுள் அப்படிச் செய்வதில்லை. "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்று யோவான் தன் கடிதத்தில் எழுதுகிறார். அந்த வசனத்தில் நீதியும் நிற்கிறது. சிலுவையில் விலை கட்டப்பட்டதால் வருகிற மன்னிப்பு அது. கண்டும் காணாமல் விடுகிற பெருந்தன்மை அல்ல. இன்னொன்று, அந்தக் கடிதம் ஏற்கெனவே விசுவாசத்துக்குள் வந்தவர்களுக்கு எழுதப்பட்டது. ஞானஸ்நானம் எடுத்தவன், திருவிருந்து எடுக்கிறவன் எல்லாம் இதற்குள் அடக்கம்.

மூன்று கேள்விக்கு மேல் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "அந்தக் காசில என்ன வாங்கினாய்?" என்று கேட்க எனக்கு நாக்குத் துடித்தது. அது கணக்குக்கு உதவாத கேள்வி, என் ஆவலுக்கு மட்டும் தீனி. வெஸ்லி 1738ல் சிறுகுழுக்களுக்கென்று விதிகள் எழுதினார். கடைசியாகக் கூடிய பிறகு நீ அறிந்து செய்த பாவம் என்ன, என்ன சோதனை வந்தது, எப்படி விடுபட்டாய் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்க வேண்டும். கேட்கிறவரும் தன் முறை வரும்போது பதில் சொல்ல வேண்டும். அந்தக் கடைசி நிபந்தனை இருந்தால் வம்புக் கேள்விகள் தானாகக் குறையும். அந்த வழியில் வந்த சிறுகுழுக்களான எங்கள் பக்கத்து வகுப்புக் கூட்டங்கள் இப்போது வேதபாடமும் பிளேன்ரீயும் பற்றீசுமாகிவிட்டன. சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் கொப்பியோடு வருகிறவனுக்கு அங்கே இடமில்லை.

அன்றிரவே நான் அவனை மன்னித்தேன். வாயாலும் சொன்னேன், கைபிடித்து ஜெபமும் செய்தோம். நெஞ்சு லேசாகிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கும் நல்லதொரு காரியம் செய்த திருப்தி. விடியப்புறம் தேநீர் கொண்டுவந்து வைத்த மனைவி கேட்டாள்:

"நீங்கள் உங்கட பாதியை மன்னிச்சிட்டியள். மற்றப் பாதி ஆற்ற?"

இந்தக் கட்டுரையில் எனக்குச் சொல்ல இருப்பது இது ஒன்றுதான். 1,360 ரூபாய்க்கு நான் சொந்தக்காரன், அதை மன்னிக்க எனக்கு உரிமை உண்டு. மற்ற இரண்டு பேரின் 453 ரூபாயை மன்னிக்க நான் யார்? போதகர் யார்? சபை யார்? ஆராதனையில் அழுது, ஜெபத்தில் சமாதானம் பெற்று, அத்தானிடம் மன்னிப்பும் வாங்கியாயிற்று. கடற்கரையில் வலை பொத்திக்கொண்டிருக்கிற இரண்டு பேருக்கு ஒன்றுமே தெரியாது.

51ஆம் சங்கீதத்தில் தாவீது "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக நான் பாவஞ்செய்து" என்று சொல்வதை இந்த இடத்தில் பலர் துணைக்கு இழுப்பார்கள். ஆண்டவரோடு தீர்த்துக்கொண்டேன், மனுஷரிடம் போகத் தேவையில்லை என்பார்கள். தாவீது அதைச் சொன்னபோது, அவன் மனைவியை எடுத்துக் கொல்லவும் வைத்த உரியா உயிரோடு இல்லை. போய்க் கேட்க வாசல் இல்லாதவனின் அழுகை அது. எங்கள் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள், காலையில் ஒரே கடையில் தேநீர் குடிக்கிறார்கள். அவர்களுக்கு எண்ணாகமம் 5ஆம் அதிகாரம்தான் பொருந்தும். செய்த பாவத்தை அறிக்கையிட வேண்டும், முதலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். வரிவசூல்காரன் சகேயு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். மத்தேயு 5ல் இயேசு, காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்னால் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறார்.

என்னிடம் வருவது மைத்துனனுக்கு ஓரளவு சுலபம். சொந்தம், மன்னிப்பான் என்று உள்ளுக்குள் தெரியும். தனக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம், தன்னிலும் ஏழைகளிடம் போய் நிற்பது வேறு விஷயம். கடலில் அவன் சொல்வதைத்தான் அவர்கள் கேட்க வேண்டும். இழுத்தான். தொழில் தொடங்கிவிட்டது. ஒரே படகில் அவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு போய்வந்தான். நித்திரை இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை. 32ஆம் சங்கீதத்தில், "இரவும்பகலும் என்மேல் உமது கை பாரமாயிருந்ததினால், என் சாரம் உஷ்ணகால வறட்சிபோல வறண்டுபோயிற்று" என்று வரும். எங்கள் ஊரில் கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கிற மாதங்களில் உப்புவெளிப் பக்கம் மத்தியானம் நடந்து பார்த்தவர்களுக்கு இந்த வசனத்துக்கு விளக்கவுரை வேண்டாம். மறைத்து வைத்திருப்பதே ஒரு சிட்சை, திருத்துவதற்கான தண்டனை. அதற்குமேல் நாங்கள் ஒன்றும் கூட்டத் தேவையில்லை. நான் அவனை நெருக்கவில்லை. அக்காதான் தவணை வைத்தாள். "பெரிய வெள்ளிக்கு முன்னம்."

தபசுகாலத்தின் கடைசியில் ஒரு நாள் வாடியில் வைத்துச் சொன்னான். என்னையும் வரச் சொல்லிக் கேட்டான், மறுத்துவிட்டேன். படகின் சொந்தக்காரன், சம்மாட்டி, பக்கத்தில் நின்றால் அவர்கள் மனதில் உள்ளதைச் சொல்ல மாட்டார்கள். ஆளுக்கொரு தாளில் மொத்தத்தையும் எழுதி, ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, முதல் தவணைக் காசையும் கொண்டுபோயிருந்தான். அடுத்த தவணைகளின் திகதிகளும் தாளில் இருந்தன. வெறுங்கையோடு போகாதே என்று நான் சொல்லியிருந்தேன். வெறும் மன்னிப்புக் கேட்டால் எதிராளி உடனே ஒரு பதில் சொல்ல வேண்டிய நெருக்கடிக்குள் வருவார். தாளையும் காசையும் கொடுத்தால் அவர் எடுத்துக்கொண்டு போய் ஆறுதலாக யோசிக்கலாம்.

கத்தோலிக்கர் தாளைப் பார்த்தார், காசை எண்ணினார், சிரித்தார்.

"எங்கட சுவாமியாரிட்ட போயிருந்தா முதல்ல காசைக் குடு எண்டு அண்டைக்கே சொல்லியிருப்பார். நீங்கள் ஜெபம் பண்ணிப்போட்டு மாசக்கணக்கா இருந்திட்டியள்."

கேலியாகச் சொன்னாலும் அதில் விஷயம் உண்டு. அவர்களின் பாவசங்கீர்த்தனத்தில் மனத்துயர், அறிக்கை, பரிகாரம் என்று மூன்றும் சேர்ந்து வரும். களவெடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அவர்களின் மறைக்கல்வியில் தெளிவாக இருக்கிறது. புரட்டஸ்தாந்தரான நாங்கள் கிரியையினால் மன்னிப்புக் கிடைக்காது என்பதைப் பிடித்த பிடியில், கடனைத் திருப்பிக் கொடுப்பதையும் கிரியைப் பட்டியலில் போட்டுக் கைகழுவி விடுகிறோம். காசைக் கொடுத்து மன்னிப்பு வாங்க முடியாது, சரிதான். மன்னிப்புக் கிடைத்த பிறகும் காசைக் கையில் வைத்திருக்கிறவனை என்னவென்று சொல்வது?

மற்றவர் சிரிக்கவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "சரி" என்றார். மறுநாள் வேறொரு படகில் ஏறிவிட்டார். சபையில் சிலர், பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் அவரோடு கதைக்கலாமே என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. ஏமாற்றப்பட்டவரின் வீட்டுக்கு நாங்கள் கூட்டமாகப் போய் "மன்னித்துவிடுங்கோ" என்று நிற்பது அவருக்கு இரண்டாந்தரம் செய்கிற அநியாயம். தவணைக் காசு அவருடைய வங்கிக் கணக்குக்கு மாதாமாதம் போகிறது. கண்டால் தலையை ஆட்டுவார், கதைக்கமாட்டார். அவருக்கு அந்த உரிமை உண்டு.

மைத்துனனுக்கு மனம் உடைந்தது இதற்குப் பிறகுதான். தொழில் நன்றாக ஓடுகிற காலத்தில் மூன்றாவது ஆள் கிடைக்கவில்லை. கரையில் கதை பரவிவிட்டது. இரண்டு பேராகத் தூரத்துக்குப் போக முடியாமல் கிட்டத்திலேயே தொழில் செய்தார்கள். வருமானம் விழுந்தது, அதற்குள் தவணையும் கட்ட வேண்டும்.

"எல்லாத்தையும் சொல்லிப்போட்டன், ஆண்டவர் மன்னிச்சிட்டார் எண்டு நீங்களே சொன்னனீங்கள். பிறகேன் அத்தான் இது?"

இந்தக் கேள்விக்கு ஒரு வசனத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நான் எழும்பிப் போயிருக்கலாம். இரண்டு மூன்று பின்னேரங்கள் இருந்து கதைத்தோம். 2 சாமுவேல் 12ல் தாவீது "நான் பாவஞ்செய்தேன்" என்று சொன்ன உடனே தீர்க்கதரிசி நாத்தான், "நீர் சாகாதபடிக்கு, கர்த்தர் உமது பாவம் நீங்கச்செய்தார்" என்கிறான். இடைவெளியே இல்லை. ஆனால் அதே அதிகாரத்தில் தாவீதின் வீட்டுக்கு வரப்போகிற துக்கமும் இருக்கிறது, அது வாபஸ் வாங்கப்படவில்லை. மன்னிப்பு உறவைத் திருப்பித் தருகிறது. நடந்ததை நடக்காததாக ஆக்குவதில்லை. எபிரேயர் 12 இந்த மாதிரி ஆட்களுக்கென்றே எழுதினது. "எந்தச் சிட்சையும் தற்காலத்தில் சந்தோஷமாய்க் காணாமல் துக்கமாய்க் காணும், ஆகிலும் பிற்காலத்தில் அதில் பழகினவர்களுக்கு அது நீதியாகிய சமாதான பலனைத் தரும்." நீதிபதி குற்றவாளிக்குச் செய்வதை அங்கே பேசவில்லை. தகப்பன் தன் வீட்டுப் பிள்ளைக்குச் செய்வதைப் பேசுகிறது. கடனை வசூலிக்கிறவர் உன்னை அடித்துவிட்டுப் போய்விடுவார், வளர்க்கிறவர் பக்கத்திலேயே இருப்பார் என்று சொன்னேன். ஒத்துக்கொண்டானா தெரியாது. தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

பழகினான் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. இப்போது கொப்பி கரையில் வைத்தே எழுதப்படுகிறது. எஞ்சின் தாங்கிக்குள் மிச்சமிருக்கிற எண்ணெயை எல்லோருக்கும் முன்னால் கோல் விட்டுப் பார்த்து, எரிந்த லீட்டரை எழுதி, போனவர்கள் எல்லோரும் கையெழுத்து வைப்பார்கள். யாரும் கேட்காமல் அவனாகக் கொண்டுவந்த வழக்கம். பக்கத்துப் படகுக்காரர் முதலில் பகிடி பண்ணினார்கள்.

அதே காலத்தில் எஞ்சினும் பழுதானது. சபைக்கு வருகிற ஒருவர் ஆராதனை முடிந்து வெளியே வந்து, "பாத்தீங்களோ, ஆண்டவர் அடிக்கிற அடி" என்றார். மெக்கானிக் திறந்து பார்த்தபோது தண்ணிப் பம்புக்குள் இருக்கிற ரப்பர் இறகு தேய்ந்துபோயிருந்தது. கடல்தண்ணி ஏறி எஞ்சினைக் குளிர்த்தாமல் சூடேறிப் பிடித்துவிட்டது. மணலுக்குள் ஓட்டினால் பரிசுத்தவானின் எஞ்சினுக்கும் அதுதான் கதி. சிட்சை என்று ஒன்று உண்டு என்பதை நான் முழுமனதாக நம்புகிறேன். ஆனால் அதை வாசிக்கிற அதிகாரம் அனுபவிக்கிறவனுக்கு மட்டும்தான் என்றும் நம்புகிறேன். எபிரேயருக்கு எழுதினவர் கஷ்டப்படுகிறவர்களைப் பார்த்து, உங்கள் கஷ்டத்தில் தகப்பனின் கையைப் பாருங்கள் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரனின் கஷ்டத்தில் கடவுளின் பிரம்பைத் தேடிப்பிடியுங்கள் என்று சொல்லவில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த 18 பேரும் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசுவே கேட்டு, அல்ல என்று பதிலும் சொல்லிவிட்டார்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. நத்தாருக்கு அடுத்த நாள். இலங்கையில் மட்டும் 30,000 பேருக்கு மேல் போனார்கள். அதற்குப் பிந்திய கிழமைகளில், இது இன்னின்ன பாவத்துக்கு வந்த நியாயத்தீர்ப்பு என்று பேசினவர்களை எங்கள் ஊரிலேயே என் காதால் கேட்டேன். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு முன்னால் நின்று அப்படிப் பேசினார்கள். எல்லாவற்றையும் இழந்த யோபைப் பார்க்க வந்த நண்பர்கள் முதல் ஏழு நாளும் வாய் திறக்காமல் இருந்தார்கள். அவர்கள் செய்ததில் உருப்படியானது அந்த ஏழு நாள்தான்.

மனைவி விஷயத்துக்கு வருகிறேன். மன்னித்தேன் என்று அவள் சொல்ல மாதங்கள் எடுத்தன. தம்பி வந்தால் சாப்பாடு போடுவாள், முகம் கொடுக்கமாட்டாள். பிறகொரு நாள் அவளாகவே கூப்பிட்டுக் கதைத்தாள். அன்றே ஒரு நிபந்தனையும் வைத்தாள். எண்ணெய் வாங்கிய பற்றுச்சீட்டுத் துண்டுகள் எல்லாம் மாத முடிவில் அவள் கைக்கு வர வேண்டும். "மன்னிப்பு வேற, கொப்பி வேற." இது மன்னிப்பில் கலந்த கஞ்சத்தனம் என்று எனக்கு முதலில் பட்டது. யோசேப்பை நினைத்துப் பார்த்தால் அவள் சரி. தன்னை விற்றுவிட்ட சகோதரர்களைக் கண்டு ஒதுங்கிப்போய் அழுதவன்தான் அவன், மனதில் வன்மம் இல்லை. அப்படியும் தன்னை யார் என்று காட்ட முதல், கடைசித் தம்பி பென்யமீனை விட்டுக்கொடுப்பார்களா என்று சோதித்துப் பார்த்தான். மன்னிப்பை ஒரே இரவில் கொடுக்கலாம். நம்பிக்கை சம்பாதித்து வருவது. நிபந்தனை மைத்துனனுக்கும் ஆறுதல்தான். இனிச் சோதனை வந்தாலும் கை வைக்க இடமில்லை என்றான்.

எங்கள் சபைகளில் நான் கண்ட இரண்டு பழக்கங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒன்று ஜெபக் குறிப்பு. "பெயர் சொல்லேல்ல, ஒரு குடும்பத்தில காசுப் பிரச்சினை, ஜெபியுங்கோ" என்று வட்ஸ்அப்பில் போட்டால் பத்து நிமிடத்தில் பெயர் வந்துவிடும். கேட்ட அறிக்கை கேட்டவரோடு நிற்க வேண்டும். இரண்டாவது, மனந்திரும்பினவனை உடனே மேடையில் ஏற்றிச் சாட்சி சொல்ல வைப்பது. மைத்துனனையும் கேட்டார்கள். தவணை முடியட்டும் என்றேன். கடன்காரர் இன்னும் காசுக்குக் காத்திருக்கும்போது இவன் மேடையில் கைதட்டு வாங்குவது அழகில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் காசு விவகாரத்துக்கு. ஒரு பிள்ளைக்கு நடந்த துன்புறுத்தலை, வீட்டில் நடக்கிற அடி உதையை இந்த வழியில் தீர்க்கக்கூடாது. "அறிக்கை பண்ணிட்டார், மன்னிச்சு விடுங்கோ" என்று குடும்பத்துக்குள் மூடிவைப்பது அடுத்த பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதாகும். சிறுவர் விடயத்துக்கு 1929, பெண்களுக்கு 1938 என்ற இலக்கங்கள் இருக்கின்றன, பொலிஸ் இருக்கிறது. மனந்திரும்புதல் உண்மையானால் அவன் அங்கேயும் போய் அதையே சொல்லட்டும்.

எங்கள் கதை வகுப்புக் கூட்டத்துக்கு வருகிற ஒரு வயதான அம்மாவின் காதுக்கும் எட்டியது. கரையில் எட்டாத காது ஏது? ஒரு பின்னேரம் வந்து தன்னுடையதைச் சொன்னார். 1990ல் சண்டை தொடங்கி அவர்கள் ஒழுங்கையே காலியானது. பக்கத்து வீட்டார் படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். இவர் முதலில் திரும்பி வந்தவர். கதவு உடைந்து கிடந்த பக்கத்து வீட்டுக்குள் சிங்கர் தையல் மெஷின் இருந்தது. கள்ளர் எடுக்க முதல் எடுத்து வைப்போம், வந்ததும் கொடுப்போம் என்று தூக்கி வந்தார். அவர்கள் வரவில்லை. மெஷின் மூலைக்குள் சும்மா இருக்குதே என்று தைக்கத் தொடங்கினார். அந்த மெஷினில் தைத்துத்தான் பிள்ளைகளைப் படிப்பித்தார். பிள்ளைகள் இப்போது நல்ல உத்தியோகத்தில் இருக்கிறார்கள். வெளியே பார்த்தால் ஆசீர்வாதமான குடும்பம். எந்தச் சிட்சையும் யார் கண்ணுக்கும் தெரியாது.

"அப்பவே ஆண்டவரிட்டச் சொல்லிட்டன் தம்பி. எத்தினை தரம் சொன்னாலும் திரும்பத் திரும்பச் சொல்லோணும் போல கிடக்கு. மன்னிக்கேல்லையோ எண்டு பயம்."

ஆண்டவர் முதல் தரமே மன்னித்திருப்பார் அம்மா, பக்கத்து வீட்டார்தான் இன்னும் கேட்கவில்லை என்றேன். எண்ணாகமத்தில் இதற்கும் ஒரு விதி இருக்கிறது. இழந்தவனும் இல்லை, அவனுடைய இனத்தானும் இல்லை என்றால் அந்தத் தொகை கர்த்தருக்கென்று ஆசாரியனிடம் போக வேண்டும். யுத்தம் கண்ட எங்கள் ஊரில் இந்த விதிக்கு நிறைய வேலை இருக்கும். அம்மாவும் அதைப் பிடித்துக்கொண்டார். ஒரு தையல் வகுப்புக்குப் புது மெஷின் வாங்கிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். முதலில் தேடுவோம் என்றோம்.

தேடுவது நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. ஒழுங்கையில் இருந்த ஒருவரின் உறவு முகநூலில், அவரிடமிருந்து இன்னொருவர், கடைசியில் வவுனியாவில் இருக்கிற மகள். தாயும் தகப்பனும் தமிழ்நாட்டு முகாமிலேயே காலமாகிவிட்டார்களாம். அம்மா ஸ்பீக்கரில் போட்டு, நடுங்கி நடுங்கி முழுவதையும் சொன்னார். மெஷினின் விலையையும் ஐந்தில் ஒரு பங்கையும் அனுப்புகிறேன், கணக்கு இலக்கம் தா பிள்ளை என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"காசு வேண்டாம் மாமி. அந்த மெஷின் இருக்குதோ? அம்மாவின்ர எண்டு எங்களிட்ட ஒரு சாமானும் இல்லை."

மன்னித்தேன் என்றும் அவர் சொல்லவில்லை, மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. மெஷினைத்தான் கேட்டார். அம்மா பெல்ட் மாற்றி, எண்ணெய் விட்டு, பழைய சேலையால் சுற்றித் தந்தார். வவுனியா பஸ்ஸின் பின்சீட்டுக்குப் பக்கத்தில் மைத்துனனும் நானும் ஏற்றிவைத்தோம். கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் எடுக்கச் சொன்னார். எடுத்தோம்.